கேட்டதும் கிடைத்ததும்: 120 மில்லிமீட்டர் மோர்ட்டார்

கேள்வி: அமெரிக்காவும் பிரான்சும் உக்ரைனுக்கு மோர்ட்டார் (குண்டை மேல்நோக்கி வளைவாக எறியும் குட்டைக் குழாய்ப் பீரங்கி) கொடுத்ததாகச் செய்தியில் படித்தேன். இரண்டின் குழாய் அகலமும் 120 மில்லிமீட்டர்தானே, குண்டுகளை மாற்றிப் போடலாமா ஐயா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஒரு பக்கமாகத்தான் மாற்றலாம். அமெரிக்க எம்120-இன் குழாய் உள்ளே வழவழப்பாக இருக்கும். வால் சிறகுள்ள குண்டை வாய் வழியாக நழுவவிடுவார்கள். பிரெஞ்சு ஆர்டி-61-இன் குழாயில் சுருள் வரிகள் உண்டு. அதன் குண்டின் இடுப்புப் பட்டையில் அந்த வரிகளுக்கேற்ற பள்ளங்கள் முன்பே வெட்டப்பட்டிருக்கும். அது வழவழப்பான குழாயில் இறங்காது. சிறகுக் குண்டையோ ஆர்டி-61 சுடும். சேமிப்புக் கிடங்கில் பெட்டி மாறினால் முன்னணியில் ஆயுதம் இருந்தும் பயனில்லை, பாவம் வீரர்கள்.

எம்120 சுமார் 7.2 கிலோமீட்டர் எட்டும். நம் பினாங்குப் பாலம் கடல்மேல் ஓடும் 8.4 கிலோமீட்டரைவிடச் சற்றுக் குறைவு. தூரத்தைக் கூட்டக் குறைக்க, வாலைச் சுற்றி மாட்டிய குதிரை லாட வடிவ வெடிமருந்துப் பொதிகளின் எண்ணிக்கையை மாற்றுவார்கள். அவை நனைந்தால் குண்டு குறி எட்டாமல் முன்னாலேயே விழும். ஈர மண்ணில் ஒவ்வொரு சூட்டுக்கும் குழாயைத் தாங்கும் அடித்தட்டு புதையும், குறி விலகும்; மறுபடி சரிபார்த்தே ஆகவேண்டும்.

மிகக் கொடிய ஆபத்து, உள்ளே இறங்கிய குண்டு வெடித்துக் கிளம்பாமல் நின்றிருக்க, இரைச்சலில் அது போய்விட்டதென்று எண்ணி இரண்டாவதைப் போடுவது. அதைத் தடுக்கவே சில மோர்ட்டார்களின் வாயில் ஒரு தடுப்புக் கருவி பொருத்தியிருக்கிறார்கள்.