பகலில் கல்யாண வீடியோ, இரவில் கேம்: ஒரே கம்ப்யூட்டருக்கு எந்த பாகங்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், இரவில் கேம். நண்பர் எழுதிக் கொடுத்த பட்டியலில் பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போகிறது, பிராசஸர் 'எஃப்' என்று முடிகிற இன்டெல். அப்படியே வாங்கலாமா?

வாங்காதீர்கள். கேம் மட்டும் ஆடுகிறவருக்கு அது அருமையான பட்டியல். எடிட்டிங்கில் சோறு தின்கிறவருக்கு அது பொருந்தாது.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய யோசனை கேட்டு வருகிறவர்களிடம் பட்ஜெட்டுக்கு முன்னால் நான் கேட்பது கேமராவைத்தான். என்ன மாடல், எந்த ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள் என்பது தெரியாமல் பிராசஸரையோ கார்டையோ சொல்ல முடியாது. கேமில் ஒவ்வொரு காட்சியையும் கார்டு புதிதாக வரைகிறது, அங்கே கார்டின் பலம்தான் எல்லாம். எடிட்டிங்கில் முதல் வேலை, கேமரா சுருக்கி வைத்த வீடியோவை விரிப்பது. எச்.265 என்ற சுருக்க ஃபார்மட்டில் ஆங்காங்கே ஒரு முழுப் படம்தான் இருக்கும். நடுவில் இருப்பவையெல்லாம் 'அடுத்த படத்தில் என்ன மாறியது' என்ற குறிப்புகள். தாலி கட்டும் நொடியில் போய் நிறுத்த வேண்டுமென்றால், அதற்கு முந்தைய முழுப் படத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விரித்துக்கொண்டே வர வேண்டும்.

சோனி ஏ7 4, கேனன் ஆர்6 போன்ற கேமராக்களில் 10 பிட் 4:2:2 என்ற நிறப் பதிவு முறையைத் தேர்ந்தெடுத்து எடுத்தால், வழக்கமான 4:2:0 வீடியோவைவிட நிறத் தகவல் இரண்டு மடங்கு. கலர் கரெக்‌ஷனுக்கு அது வரம். ஆனால் 2025-க்கு முன் வந்த என்விடியா ஜிபோர்ஸ் கார்டுகளில் அதை விரிக்கும் சர்க்யூட்டே கிடையாது. அதனால் அந்தப் பாரம் முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது. இதை நீங்களே பார்க்கலாம். டைம்லைன் திக்கித் திக்கி ஓடும்போது விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து கிராபிக்ஸ் கார்டின் 'வீடியோ டீகோட்' வரைபடத்தைப் பாருங்கள். அது தரையோடு தரையாகக் கிடக்கும், பிராசஸர் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய வரிசைகளில் இன்னும் விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் இந்தத் திக்கல் தீராது.

இன்டெல் பிராசஸர்களுக்குள்ளேயே ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி உண்டு. 2021-இல் டெஸ்க்டாப்புக்கு வந்த 11ஆம் தலைமுறையிலிருந்து, அதிலுள்ள குவிக் சிங்க் என்ற வீடியோ சர்க்யூட் இந்த எச்.265 4:2:2 வீடியோவை நேரடியாக விரித்துவிடும். 'எஃப்' மாடல்களில் அந்தப் பகுதியைத்தான் முடக்கி விற்கிறார்கள். தனி கார்டு வைத்து கேம் ஆடுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. நீங்களோ சிறு தொகையை மிச்சப்படுத்தி, வேலைக்கு வேண்டியதையே விட்டுவிடுவீர்கள். 12 முதல் 14ஆம் தலைமுறை வரை வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதி யு.எச்.டி. 730 என்றால் அந்த பிராசஸரில் வீடியோ எஞ்சின் ஒன்று, 770 இருப்பதில் இரண்டு. 13, 14ஆம் தலைமுறையின் உயர்ரக மாடல்களில் மின்னழுத்தக் கோளாறால் பிராசஸரே பழுதாகும் பிரச்சினை இருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து அதற்கான திருத்தங்கள் பயோஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டாக வந்தன, இன்டெல் வாரண்டியையும் 5 ஆண்டுகளாக நீட்டியது. பழையது வாங்கினால் இதை விசாரிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது வழி 2025-இல் திறந்தது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை 4:2:2-ஐ நேரடியாக விரிக்கிறது, எச்.265, அதற்கு முந்தைய எச்.264 இரண்டிலும். இதனால் ஏ.எம்.டி. பிராசஸரையும் தயக்கமின்றிச் சேர்க்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ரைசன் 7 9700எக்ஸ், ஒரு பி650 அல்லது பி850 மதர்போர்டு, ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. 16 ஜி.பி. கார்டு என்று போவேன். அந்த மதர்போர்டுகளில் பிராசஸர் பொருந்தும் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதிய பிராசஸர்கள் வரும் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. கேமுக்கென்றே கொண்டாடப்படும் ஏ.எம்.டி.யின் எக்ஸ்3டி பிராசஸர்கள் இந்த அளவு கார்டுடன் தேவையில்லை. பெரும்பாலான கேம்களில் கார்டுதான் முதலில் மூச்சுமுட்டும்.

கார்டின் மெமரியைச் சொல்லும் அந்த '16 ஜி.பி.' விஷயத்தில் கறாராக இருங்கள். அதே பெயரில் 8 ஜி.பி. கார்டும் கடையில் இருக்கிறது, பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த வரவேற்புக் காட்சியில் புள்ளி புள்ளியாக இரையும் நாய்ஸை 4கே-யில் குறைக்கப் போனால், 8 ஜி.பி. கார்டில் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் 'மெமரி நிரம்பிவிட்டது' என்று கைவிரிக்கும்.

கேமரா பழையது, 8 பிட் 4:2:0-இல்தான் எடுக்கிறீர்கள் என்றால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். எந்தக் கார்டும் அதை விரிக்கும்.

ரேம் விலை 2025-இன் கடைசி மாதங்களில் கடுமையாக ஏறியது. ஆனாலும் 32 ஜி.பி.-க்குக் கீழே இறங்காதீர்கள், அதையும் 16 ஜி.பி. குச்சிகள் இரண்டாக வாங்குங்கள். இப்போதைய ரேம் வகையான டி.டி.ஆர்.5-இல் நான்கு குச்சி போட்டால் வேகம் சரியும். ஏ.எம்.டி. இந்த ரைசன் 9000 வரிசைக்கு அறிவித்துள்ள வேகமே இரண்டு குச்சிக்கு 5600, நான்கு குச்சிக்கு 3600தான்.

எஸ்.எஸ்.டி. இரண்டு வேண்டும். விண்டோஸும் கேம்களும் ஒன்றில், கையில் இருக்கும் கல்யாணம் இன்னொன்றில். முடித்துக் கொடுத்தவற்றை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். கியூ.எல்.சி. வகை மலிவு எஸ்.எஸ்.டி.யில் தொடக்கத்தில் காப்பி பறந்துபோகும். கேஷ் என்ற வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பியதும் வேகம் அப்படியே படுத்துவிடும். முழு மெமரி கார்டைக் காப்பி செய்யும் அன்றுதான் அது தெரியவரும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லோரும் கை வைப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸில், அதாவது பவர் சப்ளையில். எனக்கு அதில்தான் கோபம் வரும். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே போட்டிருக்கும் பாகங்களின் தரத்தை அல்ல. இந்த கம்ப்யூட்டருக்கு 650 வாட் போதும். ஆனால் நல்ல கம்பெனியின் 650 வாட் வாங்குங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊராக இருந்தால் கம்ப்யூட்டருக்கென்று தனி யு.பி.எஸ். வேண்டும். வீட்டு இன்வர்ட்டர் சாதாரண மோடில் இருந்தால், அது மாறுகிற இடைவெளியிலேயே எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுபோகலாம்.

இதோடு எர்த்திங்கும் பாருங்கள். கேபினெட்டின் உலோகத்தைப் புறங்கையால் தொடும்போது சுருசுருவென்று இருந்தால், பெரும்பாலும் அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்றே அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டரில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியே சிறு கசிவு மின்சாரம் கேபினெட்டுக்கு வருகிறது. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கும். லட்ச ரூபாய்ப் பொருளைச் செருகுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை ஒருமுறை அழைத்துவிடுங்கள்.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருக்க வேண்டாம், வலையாக இருக்கட்டும். ஃபேன் வைத்த எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. மே மாதம் அறை 38 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். நல்ல டவர் கூலர் ஒன்று இந்த பிராசஸருக்கு ஏராளம்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதானால் முழு மாடல் எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'ஸ்டாக் இல்லை, இதே மாதிரிதான்' என்று வேறொன்றை நீட்டுவார்கள். மவுஸிலும் கேபினெட்டிலும் விட்டுக்கொடுக்கலாம். கார்டு, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். மூன்றிலும் கூடாது. சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

பொருத்தி முடித்து முதல்முறை சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். ஏ.எம்.5-இல் மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது, சில நிமிடங்கள் பிடிக்கும். பயந்துபோய் அணைத்துவிட்டு ரேமைக் கழற்றாதீர்கள், பத்து நிமிடமாவது விடுங்கள். படம் வந்ததும் பயோஸுக்குள் போய், ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம், இயல்பான குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.