ஸ்கவுட் கார்டு குடுத்துட்டுப் போயிட்டாரு, பையன ஃபுட்பால் ட்ரையலுக்கு அனுப்பலாமா?

லண்டன் ஹேரோ பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க எழுதினத அப்படியே சுருக்கிப் போடுறேன்: "அண்ணா, மகன் இயர் ஃபோர் (எட்டு வயசு), ஜூலையில பிறந்தவன், வகுப்பில எல்லாரையும் விடச் சின்ன ஆள். ஞாயிற்றுக்கிழமை டீமுக்கு விளையாடுறவன். போன கிழமை மேட்ச் முடிய ஒருத்தர் வந்து, தான் ஒரு பிரிமியர் லீக் கிளப்பின்ட ஸ்கவுட் எண்டு கார்ட் தந்தவர், ஆறு கிழமை ட்ரையலுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டவர். இவர் (வீட்டுக்காரர்) வேண்டாம் எண்டு நிக்கிறார், லெவன் பிளஸ் (கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) வருது, தமிழ்ப் பள்ளி இருக்கு எண்டு. என்னத்தப் பார்த்துத் தெரிவு செய்யினம்? இதுக்குள்ள இன்னொருத்தர் காசு கட்டினால் பெரிய கிளப்புகளுக்குக் காட்டலாம் எண்டு மெசேஜ் போடுறார்."

நான் இங்க சின்னப் பசங்க மேட்ச்சுகளப் பாத்து ரிப்போர்ட் எழுதுற வேலைய, அதான் ஸ்கவுட் வேலைய, பார்ட் டைமா செஞ்சவன், எந்த கிளப்னு மட்டும் கேக்காதீங்க. முதல்ல பதில சொல்லிடுறேன்: விசாரிச்சுட்டு அனுப்புங்க, ஒரு பைசா யாருக்கும் குடுக்காதீங்க, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல இப்பவே போடாதீங்க. ஏன்னு இனி சொல்றேன்.

கார்டு குடுத்தவர் உண்மையான ஆளான்னு பாக்குறது ரொம்ப சுலபம். அகாடமி, அதாவது கிளப் சின்னப் பசங்கள வளக்குற பிரிவு, அதோட ஸ்கவுட்டுங்க பதிவு பண்ணின ஆளுங்க, அடையாள அட்டை வச்சிருக்கணும், காட்டச் சொன்னா கோவப்பட மாட்டாங்க, கோவப்பட்டா அங்கயே விஷயம் முடிஞ்சுது. கார்டுல இருக்குற மொபைல் நம்பருக்குப் போடாம கிளப்போட வெப்சைட்ல இருக்குற நம்பருக்குப் போட்டு அகாடமி ரெக்ரூட்மென்ட் பிரிவு வேணும்னு கேளுங்க, குழந்தைங்க பாதுகாப்பப் பாக்குற சேஃப்கார்டிங் ஆபீசர்னு ஒருத்தர் ஒவ்வொரு அகாடமியிலயும் இருப்பாரு, அவர்கிட்டயும் கேக்கலாம். ட்ரையல் அழைப்பு கிளப்போட ஈமெயில்லேர்ந்து எழுத்துல வரணும். உங்க ஞாயிற்றுக்கிழமை கோச்கிட்டயும் மறைக்காம சொல்லிடுங்க, பாதி நேரம் அந்த ஸ்கவுட்ட அவருக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.

இப்ப எப்படி எடுக்குறாங்கன்னு வருவோம். மைதானத்துக்கு வர்ற ஸ்கவுட் பெரும்பாலும் வேற வேலை பாக்குறவரு, டீச்சரா இருப்பாரு, டாக்சி ஓட்டுவாரு, கிளப் பெட்ரோல் காசு மட்டும் தரும், சில பேருக்குக் கொஞ்சம் சம்பளம். அவருக்கு ஒரு ஏரியா, சில வயசுப் பிரிவு. ஒரு பையன் கண்ணுல பட்டா ரிப்போர்ட் எழுதுவாரு, அப்புறம் இன்னொரு ஸ்கவுட் சொல்லாம கொள்ளாம வந்து வேற மேட்ச்ல பாப்பாரு, அவரும் சரின்னா அந்த வயசுப் பிரிவு ரெக்ரூட்மென்ட்ட கவனிக்குறவர் முடிவு பண்ணுவாரு. அதனால கார்டு உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க பையன ஒருத்தருக்கு மேல பாத்திருக்க வாய்ப்பு இருக்கு.

என்ன பாக்குறாங்கன்றதுல தான் அப்பா அம்மாங்க எல்லாம் தப்புக் கணக்கு போடுறாங்க. எத்தன கோல் அடிச்சான்றத நான் எழுதினதே இல்ல, ஒரு எட்டு வயசுப் பையன் ஒரே மேட்ச்ல ஏழு கோல் அடிச்சான்னா எதிர் டீம் சரியில்லன்னு தான் அர்த்தம், அவன ஒரு வயசு பெரிய பசங்களோட விளையாட விட்டுப் பாக்கணும்னு தான் தோணும். பந்து அவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி தலையத் திருப்பி சுத்திப் பாக்குறானா, முதல் டச்லயே பந்த ஆள் இல்லாத பக்கம் கொண்டு போறானா, பந்து பறிபோனா அந்த அடுத்த மூணு செகண்ட் என்ன பண்றான், நின்னு அப்பாவப் பாக்குறானா இல்ல திரும்ப ஓடுறானா, கோச் வெளிய உக்கார வச்சா என்ன பண்றான், இதெல்லாம் தான். நெதர்லாந்தோட ஆயாக்ஸ் கிளப் பல வருஷமா டெக்னிக், விளையாட்டப் புரிஞ்சுக்குற புத்தி, குணம், வேகம்னு நாலா பிரிச்சுப் பாக்குறது உலகத்துக்கே தெரிஞ்ச முறை, இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் எஃப்.ஏ.வும் இதே மாதிரி நாலு மூலைன்னு ஒன்னு வச்சிருக்கு, டெக்னிக், உடம்பு, மனசு, மத்தவங்களோட பழகுறது. பேரு தான் வேற வேற. இன்னொன்னு, உங்களையும் பாப்பாங்க. கோட்டுக்கு வெளிய நின்னு "ஷூட் ஷூட்"னு கத்துற அப்பாவப் பத்தி ரிப்போர்ட்ல ஒரு வரி போகும், இத யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க.

ஜூலைல பிறந்தவன், சின்ன உடம்புன்னு கவலைப்பட்டிருக்கீங்க, அது நியாயமான கவலை. இங்க வயசுக் கணக்கு செப்டம்பர் 1லேர்ந்து ஆகஸ்ட் 31 வரைக்கும், அதனால செப்டம்பர்ல பிறந்தவன் உங்க பையன விடப் பத்து மாசம் பெரியவன், எட்டு வயசுல பத்து மாசம்னா உயரம் வேகம் எல்லாத்துலயும் தெரியும். அகாடமிகள்ல செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் பிறந்த பசங்க கூட்டம் அதிகம், கோடை காலத்துல பிறந்தவங்க கம்மி, இது திறமையோட கணக்கு இல்லன்னு கிளப்புகளுக்கும் தெரியும். தெரிஞ்சதனால தான் பின்னாடி பதினோரு பன்னெண்டு வயசுக்கு மேல பயோ பேண்டிங்னு ஒன்னு செய்றாங்க, பிறந்த தேதிய விட்டுட்டு உடம்பு வளர்ச்சிய வச்சு டீம் பிரிச்சு விளையாட விடுறது, அதுக்காக அப்பா அம்மா உயரம் கூட கேப்பாங்க, பதறாதீங்க. ஆனா ஒன்னு, கிளப்புக்குத் தெரியும்னு சொன்னா ஞாயிற்றுக்கிழமை குளிர்ல நிக்குற ஸ்கவுட் கண்ணும் மாறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரிய பையன் தான் முதல்ல கண்ணுல படுவான். அதையும் மீறி ஜூலைப் பையனுக்குக் கார்டு வந்திருக்குன்னா அவன் கால்ல ஏதோ இருக்குன்னு நம்பலாம். ஹாரி கேன் பிறந்ததும் 1993 ஜூலை கடைசில தான், ஆர்சனல் எட்டு வயசுல அவன வேண்டாம்னு அனுப்பிச்சு, பின்னாடி இங்கிலாந்துக்கு இது வரைக்கும் அதிக கோல் அடிச்ச ஆள் ஆனான். இந்தக் கதைய எல்லா அப்பாவும் சொல்லுவாங்க, கேன் மாதிரி அனுப்பப்பட்டுத் திரும்பி வராத பசங்க பேரு யாருக்கும் தெரியாது, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

உங்க கேள்விக்கு அடில இருக்குற விஷயம் காசு. 2012ல எலைட் பிளேயர் பெர்ஃபார்மன்ஸ் பிளான்னு ஒரு திட்டம் வந்துச்சு, அகாடமிகள நாலு கேட்டகரியா பிரிச்சாங்க, லண்டன்ல இப்ப ஆர்சனல், செல்சி, டோட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம், ஃபுல்ஹாம், கிரிஸ்டல் பேலஸ் எல்லாம் கேட்டகரி ஒன்னு, அதாவது மேல் தரம். ஒரு அகாடமிப் பையன இன்னொரு அகாடமி எடுத்தா எவ்வளவு குடுக்கணும்னு ரேட்டும் போட்டாங்க, ஒம்போதுலேர்ந்து பதினோரு வயசுப் பிரிவு வரைக்கும் வருஷத்துக்கு 3,000 பவுண்டு, அதுக்கு மேல கேட்டகரியப் பொறுத்து வருஷத்துக்கு 12,500லேர்ந்து 40,000 வரைக்கும்னு அப்ப வச்சாங்க. பெரிய கிளப்புக்கு இது சில்லறை. சின்ன கிளப்பு வளத்த பையன சில்லறை குடுத்துத் தூக்கிட்டுப் போறாங்கன்னு வெறுத்துப் போய்த்தான் பிரென்ட்ஃபோர்ட் 2016ல அகாடமியவே மூடிட்டு பி டீம் ஆரம்பிச்சாங்க, பல வருஷம் கழிச்சு தான் திரும்பத் திறந்தாங்க. உங்க பையன் ஞாயிற்றுக்கிழமை டீம்லேர்ந்து வர்றான், அவனுக்கு இந்தத் தொகையும் கிடையாது, அப்ப கிளப்புக்கு அவன ஆறு வாரம் பாக்குறதுல என்ன நஷ்டம்? ஒன்னும் இல்ல. அதனால தான் ஏரியா முழுக்கப் பெரிய வலையா வீசுறாங்க, ட்ரையல்ன்றது தேர்வாயிட்டான்னு அர்த்தம் இல்ல, இன்னும் கிட்ட வச்சுப் பாக்கணும்னு தான் அர்த்தம். அந்த ஆறு வாரத்துல நீங்களும் அவங்களப் பாருங்க, கோச் பையனோட பேரச் சொல்லிக் கூப்பிடுறாரா, தப்பு பண்ணா எப்படிப் பேசுறாரு, எவ்வளவு நேரம் விளையாட விடுறாங்க, முடிஞ்சதும் பையன் கார்ல எப்படி வர்றான்.

அங்க இருக்குற மத்த பசங்க பாதிப் பேர் புதுசா வந்தவங்களா இருக்க மாட்டாங்கன்றதையும் அவன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அண்டர் 9, அதாவது உங்க பையனோட இயர் ஃபோர் பிரிவு, அதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு விதி, ஆனா ஆறு ஏழு வயசுலேர்ந்தே ப்ரீ அகாடமி, டெவலப்மென்ட் சென்டர்னு கூப்பிட்டுப் பழக்கிடுவாங்க, இங்கிலாந்து வீரர் சாகா ஏழு வயசுலயே ஆர்சனலோட அகாடமி ஹேல் எண்டுக்குப் போயிட்டான். இந்த இடத்துல ஒன்னு குழப்பிக்காதீங்க, கிளப் பேரு போட்ட ஹாலிடே கேம்ப், சாக்கர் ஸ்கூல் எல்லாம் காசு கட்டிப் போற தனி வியாபாரம், பையன் ஜாலியா போகட்டும், ஆனா அது அகாடமி கிடையாது. அகாடமின்னா உங்ககிட்ட ஃபீஸ் கேக்கவே மாட்டாங்க.

ட்ரையல் நல்லா போயி ஃபார்ம் நீட்டினா அங்க தான் உக்காந்து படிக்கணும். இந்த வயசுல ஒரு வருஷத்துக்கு ஒரு தடவ தான் பதிவு, சீசன் கடைசில வச்சுக்குறோம் இல்ல அனுப்புறோம்னு சொல்லுவாங்க. கையெழுத்துப் போட்டா ஞாயிற்றுக்கிழமை டீம் அவ்வளவு தான், ஸ்கூல் மேட்ச்சுக்குக் கூட அவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கணும். அவங்களா அனுப்பினா எந்தப் பிரச்சனையும் இல்ல, அடுத்த கிளப் எதுவும் குடுக்க வேண்டியதில்ல. ஆனா அவங்க இருன்னு சொல்லி நீங்க வேற அகாடமிக்குப் போனா, மேல சொன்ன தொகைய அந்த அகாடமி கட்டணும், கட்ட மாட்டேன்னா பையன் நடுவுல நிப்பான். 2017ல லிவர்பூல் கதை அப்படித்தான், ஸ்டோக் அகாடமில இருந்த ஒரு பையன் வீட்டோட விதிய மீறிப் பேசி, 1,00,000 பவுண்டு அபராதமும் அகாடமிப் பசங்கள எடுக்க ரெண்டு வருஷத் தடையும் வாங்கினாங்க, அதுல ரெண்டாவது வருஷம் நிறுத்தி வச்ச தடை. கிளப் அபராதத்தக் கட்டிட்டுப் போயிடுச்சு, இடையில மாட்டினது அந்தப் பையனும் அவன் வீடும் தான். அதனால யாராவது டிக்கெட் தர்றேன், ஸ்கூல் ஃபீஸ் கட்டுறேன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி, பாதி அவசரம். கேட்டகரி ஒன்னுல இந்த வயசுக்கு வாரம் நாலு மணி நேரத்துல ஆரம்பிச்சு அண்டர் 11 வர்றப்ப எட்டு மணி நேரம் வரைக்கும் போகும், அது மைதானத்துல மட்டும், சாயங்காலம் நார்த் சர்குலர் ரோடு ட்ராஃபிக்ல நீங்க உக்கார்றது தனி. வார இறுதில மேட்ச், அது தமிழ்ப் பள்ளி மேல விழுமா விழாதான்னு கிளப்ப முதல் நாளே கேட்டுடுங்க, சில இடத்துல ஞாயிறு, சில இடத்துல சனி. லெவன் பிளஸ் இயர் சிக்ஸ் ஆரம்பத்துல வருது, அதுக்கான ட்யூஷன் நெருக்கடி எல்லாம் இயர் ஃபைவ்ல, சரியா அகாடமி நேரம் ஏற ஆரம்பிக்குற வருஷம். ரெண்டையும் சேத்து சமாளிச்ச வீடுகள எனக்குத் தெரியும், ஆனா அங்கெல்லாம் ஓட்டுறதுக்கு ரெண்டு பேர் இருந்தாங்க, இல்லன்னா தாத்தா இருந்தாரு. நீங்க ஒருத்தர் மட்டும் ஓட்டப் போறீங்கன்னா, கூட ஒரு தங்கச்சிப் பாப்பா பின் சீட்ல தூங்கப் போகுதுன்னா, யோசிங்க. ஆறு வார ட்ரையல் இதுக்கு நல்ல ஒத்திகை, அத முடிச்சுட்டு முடிவு பண்ணுங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க, இப்பவே வேண்டாம்னா பையன் பதினஞ்சு வயசுல கேப்பான்.

இப்ப வேண்டாம்னு முடிவெடுத்தாலும் கதவு மூடாது. இங்கிலாந்து அகாடமிகள்ல பத்தாயிரம் பசங்களுக்கு மேல இருக்காங்க, பதினாறுல ஸ்காலர்ஷிப், அதான் முழு நேரப் பயிற்சி இடம், வாங்குறவங்க கொஞ்சப் பேர், பதினேழுல தான் ப்ரொஃபஷனல் ஒப்பந்தமே போட முடியும், அது இன்னும் கொஞ்சப் பேர். நடுவுல ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. இங்கிலாந்து வீரர் டெக்லன் ரைஸ செல்சி 14 வயசுல அனுப்பிச்சு, வெஸ்ட் ஹாம் எடுத்துச்சு. இன்னொரு இங்கிலாந்து வீரர் எசேவ ஆர்சனல் 13 வயசுல அனுப்பி, அவன் நாலஞ்சு இடம் சுத்தி, 2025ல அதே ஆர்சனல் பெரிய தொகை குடுத்து வாங்கிச்சு.

நம்ம ஆளுங்கள எடுப்பாங்களான்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும். தெற்காசியப் பசங்க ப்ரொஃபஷனல் ஃபுட்பால்ல ரொம்பக் கம்மி, இதுக்கு எங்க வேலைலயும் பங்கு இருக்கு, ஸ்கவுட்டுங்க பழகின மைதானத்துக்கே திரும்பத் திரும்பப் போவாங்க, நம்ம பசங்க விளையாடுற லீக் பக்கம் வர மாட்டாங்க. பிரிமியர் லீக் 2022ல தெற்காசியர்களுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, அண்டர் 9லேர்ந்து அண்டர் 11 வரைக்கும் எமர்ஜிங் டேலன்ட் ஃபெஸ்டிவல் நடத்துறாங்க, கிளப்புகளே வந்து பாக்கும், உங்க பையன் வயசு சரியா அதுக்குள்ள வருது, கோச் மூலமா விசாரிங்க. பார்ன்ஸ்லி கிளப்புக்கு ஆடுற விமல் யோகநாதன் வேல்ஸ்ல வளந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பையன், யாராவது தமிழ்ப் பசங்க எங்கன்னு கேட்டா அந்தப் பேரச் சொல்லுங்க.

கடைசியா அந்த மெசேஜ் ஆளு. ப்ளாக் பண்ணிடுங்க. எட்டு ஒம்போது வயசுப் பையனுக்கு ஏஜென்ட் வேண்டாம், ஃபிஃபா விதிப்படி அந்த வயசுல ஒரு ஏஜென்ட் அணுகவே கூடாது, முதல் ப்ரொஃபஷனல் ஒப்பந்தம் போடுற வயசுக்கு ஆறு மாசம் முன்னாடி தான் பேச முடியும், அதுவும் அப்பா அம்மா எழுதிக் குடுத்த சம்மதத்தோட. இதே ஆளுங்க யாழ்ப்பாணத்துலயும் சென்னையிலயும் பதினஞ்சு வயசுப் பசங்க வீட்டுல இங்கிலாந்து கிளப் ட்ரையல்னு லட்சக்கணக்குல கேக்குறாங்க. பதினெட்டு வயசுக்குள்ள வெளிநாட்டுப் பையன ஒரு கிளப் பதிவு பண்ண முடியாதுன்னு ஃபிஃபா விதி 19 சொல்லுது, அப்பா அம்மா ஃபுட்பாலுக்கு சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தா மாதிரி சில விலக்கு மட்டும் தான், ஐரோப்பிய யூனியன் பசங்களையே பதினாறுல எடுக்குற வழி பிரெக்சிட்டுக்கு அப்புறம் இங்கிலாந்து கிளப்புகளுக்கு மூடிடுச்சு. ஊர்ல உங்க சொந்தத்துல யாராவது இப்படி அட்வான்ஸ் கட்டப் போறேன்னு சொன்னா, கட்டுறதுக்கு முன்னாடி அந்த விதி நம்பர மட்டும் அனுப்பி விடுங்க, அந்த ஏஜென்ட்கிட்ட அதப் பத்திக் கேக்கச் சொல்லுங்க.