ஆப்கானிஸ்தான்: சீட்டில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

போன ஞாயிறு முத்தியால்பேட்டையில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஆப்கானிஸ்தான் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வரலாறு நடத்தியவன். மதநூலுக்கு விளக்கம் கேட்டவர்கள் அது தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

வில்லியனூர் வாசகர்: தாலிபானை உருவாக்கியது அமெரிக்காதானே சார்?

இல்லை. 1980களில் அமெரிக்கா பணம் கொடுத்தது சோவியத் படையோடு சண்டை போட்ட முஜாகிதீன் குழுக்களுக்கு. தாலிபான் 1994-ல் கந்தகாரில் கிளம்பியது, பாகிஸ்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் முதல் பணம் யார் கைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ கொடுத்ததையும், அதற்கு ஈடாகச் சவுதி கொடுத்ததையும் பங்கு போட்டது பாகிஸ்தானின் உளவு அமைப்பான ஐஎஸ்ஐ. பாகிஸ்தானின் பெஷாவர் நகரில் ஏழு முஜாகிதீன் கட்சிகளை மட்டும் அது ஏற்றுக்கொண்டது. பெரிய பங்கு ஹெக்மத்யார் போன்ற கடும்போக்காளர்களுக்கு. பதவி இழந்த மன்னர் பக்கம் இருந்த மிதவாதிகளுக்குக் கிள்ளித்தான் கொடுத்தார்கள். பஷ்தூன் தேசியவாதிகளை பாகிஸ்தான் கிட்டவே சேர்க்கவில்லை. 1893-ல் வெள்ளைக்காரன் பஷ்தூன் மண்ணின் குறுக்கே போட்ட டூராண்ட் எல்லைக்கோட்டை அவர்கள் ஒப்புக்கொள்ளாதவர்கள், அந்தப் பயம் அதற்கு. அந்த நாட்டில் எல்லா வகை மனிதர்களும் இருந்தார்கள். துப்பாக்கி ஒரு வகைக்கே அதிகம் கிடைத்தது. அந்நியத் தலையீடு ஒரு நாட்டை எப்படி மாற்றுகிறது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

பள்ளிக்கூடமும் தப்பவில்லை. அமெரிக்க அரசுப் பணத்தில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தயாரித்த பாடநூல்கள் அகதிப் பிள்ளைகளுக்குப் போயின. நாலாம் வகுப்புக் கணக்கு ஒன்று: தோட்டாவின் வேகம் நொடிக்கு 800 மீட்டர். ரஷ்யன் 3,200 மீட்டர் தூரத்தில் இருக்கிறான். அவன் தலையைக் குறிவைத்துச் சுட்டால் எத்தனை நொடியில் தோட்டா படும்? விடை 4. ஒன்பது வயதுப் பிள்ளை வகுத்துப் பார்க்கக் கற்றது இப்படி.

கடலூர் முதுநகர் வாசகர்: அவர்கள் ஆயிரம் வருஷமாகவே அப்படித்தானே?

இந்த வார்த்தையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1933 முதல் 1973 வரை ஜாஹிர் ஷா என்ற ஒரே மன்னர் ஆண்டார். 1964 அரசியலமைப்பு பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள்.

நீங்கள் செயின்ட் டேவிட் கோட்டை இருக்கிற ஊர்க்காரர். ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதியபோது, இங்கே புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரன் ஒருவரைப் பிடித்தான், ஆங்கிலேயன் மற்றவரைப் பிடித்தான். 1752-ல் சந்தா சாகிப் தலை போனது. ஜெயித்த முகமது அலி கடனில் மூழ்கினார். 1801-ல் கர்நாடகம் என்று அன்று சொன்ன அந்த நவாப் சீமை முழுவதும் ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அதற்கு 38 வருஷம் கழித்து அதே கம்பெனி முன்னாள் மன்னர் ஷா ஷுஜாவைக் காபூல் அரியணையில் உட்காரவைத்தது. 1842-ல் அவரைக் கொன்றுவிட்டார்கள். நம் மண்ணில் நடந்ததற்கு நாம் குணத்தைக் காரணம் சொல்கிறோமா?

நெய்வேலித் தோழர்: சோவியத் படை அழைப்பின் பேரில்தான் வந்தது. நிலமும் பெண்கல்வியும் கொடுத்த ஆட்சியை நீங்கள் குறைத்துப் பேசினீர்கள்.

தோழர், அழைத்தது உண்மை. அப்போது ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் அமீன் பலமுறை படை கேட்டார். வந்த படை 1979 டிசம்பர் 27 அன்று அந்த அமீனையே அரண்மனையில் கொன்றுவிட்டு பாப்ரக் கார்மலைப் பதவியில் வைத்தது. இதை அழைப்பு என்று நான் எப்படி எழுத?

1978-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி போட்ட ஆணைகள் நல்லவை. நிலத்துக்கு உச்சவரம்பு, கட்டாயக் கல்யாணத்துக்குத் தடை. யார் மறுப்பார்கள்? ஆனால் ஊரோடு பேசாமல் ஆள்பிடித்து அமல்படுத்தினார்கள். காபூல் பக்கத்துப் புலே சர்கி சிறைக்குள் போன ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. 1979 மார்ச்சில் ஹெராத் நகரமே எழுந்தது, சோவியத் படை வருவதற்கு ஒன்பது மாதம் முன்பே. அப்புறம் சீர்திருத்தம் என்ற சொல்லே கிராமத்தில் அந்நியன் சொல் ஆகிவிட்டது. முல்லா பேச்சுக்கு மதிப்பு ஏறியது.

(இதை எழுதும்போதே தோழர் போனில் பிடித்துக்கொண்டார், முக்கால் மணி நேரம். சோவியத் படை 1989 பிப்ரவரியில் வெளியேறிய பிறகும் அந்த ஆட்சியின் கடைசித் தலைவர் நஜிபுல்லா மூன்று வருஷம் நின்றாரே, அவருக்கு மக்கள் ஆதரவு இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜலாலாபாத்தை முஜாகிதீன்களால் பிடிக்கவே முடியவில்லை. ஆனால் மாஸ்கோவிலிருந்து வந்த பணமும் எரிபொருளும் நின்றதும் 1992 ஏப்ரலில் அவர் விழுந்தார். 2021-ல் அமெரிக்கா தாங்கிய அரசுக்கும் அதே கதை. அமெரிக்க ஒப்பந்தக்காரர்கள் கிளம்பியதும் ஆப்கன் விமானங்களைப் பழுதுபார்க்க ஆள் இல்லை. ஆகஸ்ட் 6 அன்று சரஞ்ச் என்ற மாகாணத் தலைநகர் தாலிபானிடம் விழுந்தது, 15 அன்று காபூல். தோழர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு நேரில் பேசுவோம்.)

அரியாங்குப்பம், பண்ருட்டி, பாகூர் வாசகர்கள்: அமெரிக்காதானே தாலிபானை…

முதல் பதிலைப் படியுங்கள். முஜாகிதீன் வேறு, தாலிபான் வேறு. 1996-ல் தாலிபான் காபூலை முஜாகிதீன் அரசிடமிருந்துதான் பிடித்தது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: பெருங்காயம் அங்கிருந்துதான் வருகிறதா?

ஆமாம், ஈரானிலிருந்தும் வருகிறது.

முத்தியால்பேட்டை வாசகர்: எங்கள் வீடு சொல்தா (பிரெஞ்சுப் படைக்காரர்) வீடு. அண்ணன் பிரெஞ்சுப் படையில் காபூல் போய்வந்தான். அவன் செய்தது தப்பா?

தம்பி, உங்கள் அண்ணன் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். 2008 ஆகஸ்டில் உஸ்பின் பள்ளத்தாக்கில் 10 பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள், அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். தப்பு மேலே நடந்தது. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் புது அரசு பேசியபோது தோற்ற தாலிபானுக்கு இடமில்லை. 1992 முதல் காபூலை ராக்கெட்டால் இடித்த முஜாகிதீன் தளபதிகள் சிலருக்கு அதிகாரம் கிடைத்தது. அந்தத் தளபதியின் ஆளும் உங்கள் அண்ணனும் ஒரே பக்கம் நிற்பதை ஊர்க்காரன் பார்த்தான்.

லாஸ்பேட்டை, பதினொன்றாம் வகுப்பு மாணவி: அங்கே என் வயதுப் பெண்கள் இப்போது படிக்கவே முடியாதா?

ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை, பாப்பா. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் மூடினார்கள். 2024 டிசம்பரில் செவிலியர், பேறுகாலப் படிப்பையும்.

காலாப்பட்டில் என் தங்கை வீட்டு மாடியில் ஓர் ஆப்கன் மாணவர் வாடகைக்கு இருந்தார். 2022 மார்ச் 23 அன்று பெரிய பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். சில மணி நேரத்தில் மூடிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் திண்ணையில் உட்கார்ந்து, தன் தங்கை காலையில் அனுப்பிய படத்தைக் காட்டினார். கறுப்பு அங்கி, வெள்ளை முக்காடு, தோளில் புதுப் பை. ஒன்பதாம் வகுப்பு. படம் எடுத்தது பள்ளிக்குக் கிளம்பும்போது. திரும்பி வந்த பிறகு அவள் போனை எடுக்கவில்லை என்றார்.