கொட்டகை எந்த ஒன்றியத்தில், இயந்திரம் எந்தத் தேதியில்?

சிறு உற்பத்தித் தொழில் தொடங்குவோருக்கு அரசு தரும் மானியம் குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி தொடங்குகின்றன: "இயந்திரம் வாங்கிவிட்டேன், இனி மானியத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது?" கேள்வியை ஆறு மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்பவை இரண்டு: கொட்டகை நிற்கும் இடம், பில்லில் இருக்கும் தேதி.

கேள்வி: செக்கு எண்ணெய் ஆலைக்கு 20 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நகராட்சிக்குள் வாடகை இடம் ஒன்று கிடைக்கிறது. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஊராட்சியில் சொந்த நிலமும் இருக்கிறது. எங்கே வைத்தால் லாபம்? (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: மானியத்தை மட்டும் பார்த்தால் ஊராட்சிதான். உங்கள் தொகைக்குப் பொருந்துவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களை ஏற்கிறார்கள். பெண்களுக்கு நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். 20 லட்சத்துக்கு நகராட்சியில் 5 லட்சம், ஊராட்சியில் 7 லட்சம். பொதுப்பிரிவு ஆண் என்றால் முறையே 15, 25 சதவீதம். சொந்தப் பங்கு 10.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: மத்திய அரசின் பட்டியலில் உள்ள இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் இத்திட்டத்தில் பெண்களைப் போலவே சிறப்புப் பிரிவுதான். சாதிச் சான்றிதழை வைக்காமல் 'பொது' என்று டிக் செய்து பத்து சதவீதத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

ஆனால் அந்த 2 லட்சத்துக்காக மட்டும் ஊருக்கு வெளியே போக வேண்டாம். முதலில் மும்முனை மின்சாரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்தாறு கம்பம் நட வேண்டியிருந்தால் அந்தச் செலவும் காத்திருப்பும் உங்கள் தலையில். அடுத்தது இணைப்பின் அளவு. மொத்த மின்பளு 12 கிலோவாட்டுக்குள் இருந்தால் குறுந்தொழிலுக்கான 3ஏ1 கட்டணத்துக்குப் போகலாம். தாண்டினால் 3பி, அது கூடுதல். 12 கிலோவாட் என்பது ஏறக்குறைய 16 குதிரைத்திறன். செக்கு, வடிகட்டி, தண்ணீர் மோட்டார் என எல்லாவற்றின் திறனையும் கூட்டிப் பார்த்துவிட்டு இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. சொந்த நிலம் என்பதால் மானியம் ஒரு ரூபாயும் கூடாது. கட்டடம் கட்டும் செலவைச் சேர்க்கலாம். இன்னொன்று: ஊராட்சி எல்லைக்குள் இருப்பதற்கான சான்றை விண்ணப்பத்தோடே கேட்பார்கள். ஊர்ப் பேச்சில் 'கிராமம்' என்று சொல்லும் பல இடங்கள் ஏட்டில் பேரூராட்சியாக இருக்கும். அப்படியானால் 35 சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடுவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: காகிதப் பை செய்யும் இயந்திரம் புதிதாக ஒன்றும், பழையது ஒன்றும் மூன்று மாதம் முன்பு கைக்காசில் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது பி.எம்.இ.ஜி.பி.யில் போடலாமா?

பதில்: முடியாது. அது புதிய தொழிலுக்கு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் தொழிலும், வேறு அரசு மானியம் ஏற்கெனவே வாங்கிய தொழிலும் வெளியே. 'தேதியை மாற்றி ஒரு பில் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். விற்றவரின் ஜி.எஸ்.டி. கணக்கில் பழைய தேதி பதிவாகியிருக்கும்.

உங்களுக்கு மிச்சம் இருக்கும் கதவு, மாநில அரசின் முதலீட்டு மானியம். இயந்திரத் தளவாடங்களின் மதிப்பில் 25 சதவீதம்; உற்பத்தி தொடங்கிய பிறகு கேட்பது. அங்கும் பழைய இயந்திரம் கணக்கில் வராது. புதியது வரும், பில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால். உற்பத்தி தொடங்கிய தேதியிலிருந்தே விண்ணப்பக் கெடு ஓடுவதால் இந்த வாரமே தொழில் மையத்துக்குப் போய்விடுங்கள்.

ஆய்வுக்கு வரும் அலுவலர் கொட்டகையின் அழகைப் பார்ப்பதில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தின் பெயர்ப்பலகையைக் குனிந்து படிப்பார். வரிசை எண் ஒத்துப்போக வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் செய்த இயந்திரத்துக்குப் பல நேரம் பலகையே இருக்காது. பில்லில் 'மெஷின் 1' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். கோப்பு நிற்பது இங்கேதான். பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே, எண் அடித்த தகடு ஒன்றைப் பொருத்தி, அதே எண்ணையும் மோட்டாரின் எண்ணையும் பில்லில் போடச் சொல்லுங்கள். பணமும் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும்.

கேள்வி: பி.எம்.இ.ஜி.பி.யில் திட்டம் 20 லட்சம், மானியம் 7 லட்சம். மானியம் வந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் கடன் கணக்கில் குறையவே இல்லை. வங்கி ஏமாற்றுகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு இடத்தைச் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் 5 சதவீதம் 1 லட்சம் போக வங்கி 19 லட்சம் கொடுத்திருக்கும். மானியமான 7 லட்சம் உங்கள் பெயரில் மூன்று ஆண்டுக்கு வைப்பாகப் பூட்டப்படும். அதற்கு உங்களுக்கு வட்டி கிடையாது. பதிலுக்கு, கடனில் அதே 7 லட்சத்துக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. ஆக, மானியம் வந்த நாளிலிருந்து 12 லட்சத்துக்கு மட்டும்தான் வட்டி. அதற்கு முந்தைய மாதங்களுக்கு முழுத் தொகைக்கும் வட்டி உண்டு. சரிபார்க்க வேண்டியது இதைத்தான். மென்பொருளில் அந்த மாற்றத்தைச் செய்ய மறந்த கிளைகள் உண்டு. 11 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் 7 லட்சத்துக்கு ஆண்டுக்கு 77,000 ரூபாய். கணக்கு அறிக்கையை வாங்கி, மானியம் வரவான மாதத்துக்கு அடுத்த மாத வட்டியைக் கையால் பெருக்கிப் பாருங்கள்.

மூன்று ஆண்டு முடிந்து, ஆலை ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே 7 லட்சம் கடனில் கழியும். அதுவரை ஆலை ஓட வேண்டும்; கடன் பெற்ற திட்டத்தின் பெயரும் வங்கியின் பெயரும் எழுதிய பலகையும் வாசலில் இருக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாமல் மானியத்தைக் கடிக்கும் விதி ஒன்றும் இருக்கிறது. கடனில் ஒரு பகுதியை நடைமுறை மூலதனமாக, சி.சி. கணக்கில் (கேஷ் கிரெடிட்; வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கணக்கு) கொடுத்திருப்பார்கள். அந்த வரம்பை மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழுவதும் எடுத்திருக்க வேண்டும். பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். 'கடனைத் தொடாமல் சிக்கனமாக நடத்தினேன்' என்று பெருமைப்படுகிறவருக்குத்தான் இந்த அடி. திட்ட அறிக்கையில் மூலதனத்தைத் தேவைக்கு மேல் ஊதி வைக்காதிருந்தால் இந்தச் சிக்கல் வராது. இயந்திரச் செலவும் அறிக்கையில் போட்டதைவிடக் குறைந்தால் அதற்கேற்ற மானியம் திரும்பிப் போகும்.

கேள்வி: 'தொழில் வளர்ச்சியில் பின்தங்கிய ஒன்றியம்' என்றால் என்ன? எங்கள் வட்டம் அதில் வருமா?

பதில்: வட்டத்தைக் கேட்காதீர்கள், ஒன்றியத்தைக் கேளுங்கள். தொழிலில் பின்தங்கியவை என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; தமிழ்நாட்டின் 388 ஊராட்சி ஒன்றியங்களில் 254 அதில் உள்ளன. பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம் இருக்கும், ஒன்றியம் இருக்காது. ஒரே வட்டத்துக்குள் இரண்டு ஒன்றியங்களின் கிராமங்கள் வருவது சாதாரணம். ஒன்று பட்டியலில் இருக்கும், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்காது. நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வே எண், கிராமத்தின் பெயர் இரண்டோடும் போய் எந்த ஒன்றியம் என்பதை உறுதி செய்யுங்கள்.

மேலே சொன்ன முதலீட்டு மானியம் குறுந்தொழிலுக்கு மாநிலம் முழுவதும் உண்டு. வேளாண் விளைபொருள் சார்ந்த தொழிலுக்கும் அப்படியே. ஒன்றியப் பட்டியல் முக்கியமாவது சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு. மத்திய அரசின் வரையறையில் 1.4.2025 முதல் இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி, இரண்டுக்கும் உட்பட்டது குறுந்தொழில். இதைப் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் அடக்கம்.

குறைந்த அழுத்த மின் கட்டணத்தில் 20 சதவீதத்தை முதல் 36 மாதத்துக்குத் திருப்பித் தரும் மானியமும் உண்டு. சிறிய தொகை என்று யாரும் கேட்பதில்லை. மாதம் 15,000 ரூபாய் கட்டுபவருக்கு அது 36 மாதத்தில் 1,08,000 ரூபாய்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். நண்பனோடு சேர்ந்து 80 லட்சத்தில் சி.என்.சி. (கணினி இயக்கும் இயந்திரம்) ஜாப் ஒர்க் தொடங்கப் போகிறேன். எந்தத் திட்டம்?

பதில்: பி.எம்.இ.ஜி.பி. 50 லட்சத்தோடு நின்றுவிடும். உங்களுக்கு நீட்ஸ், அதாவது மாநில அரசின் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம். 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை. மானியம் 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம். கூடவே வட்டியில் 3 சதவீதம் அரசு ஏற்கும். 80 லட்சத்துக்கு 20 லட்சம் மானியம். பொதுப்பிரிவில் 10 சதவீதம், அதாவது 8 லட்சம் உங்கள் கையிலிருந்து. கவனிக்க வேண்டியது நண்பரை. கூட்டு நிறுவனம் என்றால் ஒவ்வொரு பங்குதாரரும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோராகவும், மற்ற தகுதிகள் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அவருடைய பெயரில் ஏற்கெனவே ஒரு தொழில் நடந்தால் இரண்டு பேருமே விழுவீர்கள். பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினர் என்றால் நீட்ஸுக்குப் போகும் முன் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பாருங்கள்: 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை.

கேள்வி: தொழில் மையம் பரிந்துரைத்தும் வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. ஏன்?

பதில்: பரிந்துரை கடன் அல்ல, முடிவு வங்கியுடையது. கடிதத்தில் நீங்கள் இணைத்த திட்ட அறிக்கையில் மூன்று ஓட்டை தெரிகிறது. முதல் ஆண்டே 100 சதவீத உற்பத்தி என்று போட்டிருக்கிறீர்கள்; 60 என்று போட்டு அதிலும் தவணை கட்ட முடியும் என்று காட்டினால்தான் நம்புவார்கள். கொட்டேஷனில் இயந்திரத்தின் திறன் மணிக்கு 40 கிலோ, அறிக்கையில் எட்டு மணி நேரத்துக்கு 500 கிலோ, 320தானே வரும்? வாடகையும் எங்குமே இல்லை. யாரோ ஒருவரின் பழைய அறிக்கையில் பெயரை மாற்றியது போல இருக்கிறது. சொந்தமாக எழுதுங்கள். ஈடு கேட்டார்களானால், ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. அதற்கு மேல், ஈட்டுக்குப் பதிலாக வங்கிக்குப் பொறுப்பேற்கும் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் தரச் சொல்லிக் கேட்கலாம். நிராகரித்த காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொழில் மையத்துக்கே திரும்பப் போங்கள். அறிக்கையைத் திருத்தி வேறு வங்கிக்கு அனுப்பச் சொல்லலாம்.

கேள்வி: மானியத் தொகையில் 5 சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். விண்ணப்பம் இணையத்தில், உதயம் எனும் சிறுதொழில் பதிவும் இலவசம். இந்தத் திட்டங்களுக்கு அரசு முகவர் எவரையும் வைத்திருக்கவில்லை. ஏற்கெனவே அவர் உங்களுக்காகப் பதிவு செய்துவிட்டாரென்றால், விண்ணப்பத்தைத் திறந்து கைப்பேசி எண் யாருடையது என்று பாருங்கள். அவருடைய எண்ணாக இருந்தால் வங்கியின் கேள்விகளும் ஓ.டி.பி.யும் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். இன்றே தொழில் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றச் சொல்லுங்கள்.