தேங்காய் எண்ணெயும் விசைப்பலகையும்

கேள்வி: ஐயா, நான் ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். மாணவர்களுக்கான வினாத்தாள்களைப் பாமினி என்ற தமிழ் விசை அமைப்பில் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். அண்மையில் நீல நிற சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் விசைப்பலகை (ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனிச் சுவிட்ச் உள்ளது) ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினேன். இரவில் நான் தட்டும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கிறது என்று புகார். ஒவ்வொரு விசைக்குள்ளும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கிவிடும் என்கிறார் அண்ணன். விடலாமா?

பதில்: எண்ணெய்ப் போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதை, காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலை அடுப்படியில் வைத்து உருக்கும் நம் பகுதி மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அதே எண்ணெய் சுவிட்சுக்குள் இருந்தால், இரவில் இதமாக ஓடிய விசை விடியற்காலையில் அழுத்திய இடத்திலேயே ஒட்டி நிற்கும். நாளடைவில் அது காறல் வாடை அடித்துத் தூசியையும் சேர்த்துக்கொள்ளும். எறும்பு வந்தாலும் வியப்பதற்கில்லை.

உங்கள் விடயத்தில் சரியான மசகை இட்டாலும் பெரிய பயன் இராது. ஜேர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ் வகைச் சுவிட்சுகளில் (பாடப்புத்தகம் ‘ஆளி’ என்னும், கடையில் அப்படிக் கேட்டால் மின்விளக்கு ஆளியை எடுத்துத் தருவார்கள்) சிவப்பு தடையின்றி வழுக்கி இறங்குவது, பழுப்பு நடுவில் ஒரு சிறு மேட்டை விரலுக்கு உணர்த்துவது, நீலம் அந்த மேட்டோடு ‘கிளிக்’ என்ற ஒலியையும் எழுப்புவது. பிற நிறுவனங்களும் பெரும்பாலும் இதே நிற வழக்கைத்தான் பின்பற்றுகின்றன. நீலச் சுவிட்சில், விசையோடு கீழிறங்கும் தண்டில் தனியாக நகரும் ஒரு சிறு துண்டு சட்டென்று கீழே மோதுவதனால்தான் அந்த ஒலி பிறக்கிறது. அது உராய்வுச் சத்தம் அல்ல என்பதால் கிரீசினால் அதை அழகாக அடக்க முடியாது. அப்பி அடக்கினால் விசை சேற்றில் கால் வைத்ததுபோல் ஆகிவிடும்.

ஆகவே, விசை மூடி ஒன்றைக் கழற்றி, சுவிட்சை மேலே இழுத்து எடுக்க முடிகிறதா, பற்றாசினால் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இழுத்து எடுக்கும் வகையாயின், தண்டில் மென்மையான இறப்பர் பட்டைகள் பதித்த, ஓசை குறைந்த சுவிட்சுகளை வாங்கி மாற்றிவிடலாம். பற்றாசு வைத்ததாயின், விசைப்பலகையை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதே மலிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாமினியில் ‘க’ உள்ள விசையையே ஷிப்டோடு சேர்த்து அழுத்தினால்தான் ‘கு’ வரும். அதனால் தமிழில் தட்டச்சு செய்பவரின் சிறுவிரல் நாள் முழுவதும் ஷிப்டிலேயே கிடக்கிறது. அந்த நீளமான விசையின் அடியில், அது சரியாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் என்ற வளைந்த கம்பி இருக்கிறது. பக்கத்துக் காம்பராவை எழுப்புவது கிளிக் ஒலியைவிட, ஷிப்டும் இடைவெளி விசையும் எழுப்பும் இந்தக் ‘கடகட’வாகவும் இருக்கலாம். கம்பியைக் கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வையுங்கள். இரு முனைகளும் ஒருசேரப் படியாவிட்டால் மெதுவாக வளைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு, வாகன உதிரிப்பாகக் கடைகளில் ஸ்பார்க் பிளக் மூடிகளுக்கென விற்கும் டைஎலக்ட்ரிக் கிரீசைக் கம்பி முனைகளில் தாராளமாகப் பூசலாம். விசைப்பலகை முழுவதிலும் தாராளம் காட்டக்கூடிய இடம் இது ஒன்றுதான். பணம் குறைவென்றால் சுவிட்சுகளை விட்டுவிட்டு இந்த வேலையை மட்டுமாவது செய்யுங்கள்.

கேள்வி: தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். சிவப்பு சுவிட்சுகளுக்கு மசகு இட விரும்புகிறேன். எதை, எங்கே, எவ்வளவு பூசுவது?

பதில்: சிவப்பு வகைக்குப் பலரும் நம்புவது கிரைடொக்ஸ் 205 ஜீ0 என்ற கிரீஸ். அது பிளாஸ்டிக்கைத் தாக்காது. நம் குளிருக்கு இறுகவும் இறுகாது. பழுப்பு வகைக்கு அதைவிடச் சற்று மெல்லிய ட்ரைபோசிஸ் 3203 பொருந்தும். விலை கூடியதாயினும் ஒரு சிறிய புட்டி ஒரு விசைப்பலகைக்குப் போதும்.

யூஎஸ்பி வயரைக் கழற்றிய பின், சுவிட்சை நேராக மேலே இழுங்கள். சாய்த்து இழுத்தால் அடியிலுள்ள இரு ஊசிக் கால்களும் வளைந்துவிடும். கூட்டைத் திறந்தால் மேல் கூடு, கீழ்க் கூடு, தண்டு, ஸ்பிரிங் என நான்கு துண்டுகள் கையில் வரும். மின் தொடுப்பை ஏற்படுத்தும் செப்புத் தகடு கீழ்க் கூட்டிலேயே நிற்கும். சாவணத்தால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மிக நுண்ணிய தூரிகையால் அதன் இரு பக்கங்களிலும், கீழ்க் கூட்டில் அது வழுக்கி இறங்கும் தடங்களிலும் பூச வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த அளவு மங்கல் போதும். வெள்ளையாகத் தெரிந்தால் அது மிகை. செப்புத் தகட்டில் தூரிகை படவே கூடாது, பட்டால் எழுத்து விட்டு விட்டு விழும். பழுப்பு வகையாயின், தண்டின் முன்புறமுள்ள இரு கால்களையும் தொடாதீர்கள். விரலுக்குத் தெரியும் மேடு அந்தக் கால்களின் வளைவில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் ‘டிங்’ என்று அதிர்வதற்கு வேறு வழி உண்டு. எல்லா ஸ்பிரிங்குகளையும் ஒரு சிறு பொலித்தீன் பையிலிட்டு, கிரைடொக்ஸ் 105 எண்ணெயில் சில துளிகள் விட்டு, வாயைக் கட்டிக் குலுக்குங்கள்.

முதல் பத்துச் சுவிட்சுகளை எஃப்1, எஃப்2 போன்ற அதிகம் தொடாத விசைகளில் மாட்டிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தடிப்பாகப் பூசிவிட்டு, அடுத்த ஞாயிறு முழுவதும் அவற்றைத் துடைத்தேன். சுவிட்ச் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 87 விசைகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். பொறுமை இல்லாத நாளில் தொடங்க வேண்டாம். கையைக் கழுவாமல் சிகரெட்டைத் தொடுவதும் ஆகாது. இந்தக் கிரீஸ் நெருப்பில் பட்டால் நச்சுப் புகையாகும்.

கேள்வி: துருப்பிடித்த ஆணிக்குத் தெளிக்கும் டபிள்யூடி-40 தெளித்தால் போதாதா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: போதாது. அதில் பெரும்பகுதி கரைப்பான். உள்ளே இருக்கும் மசகையும் அது கழுவிச் சென்றுவிடும். பல சுவிட்சுகளின் மேல் கூடு பொலிகாபனேற்றினால் ஆனது, அதற்கு இது கேடு செய்யக்கூடும். தையல் மெஷின் எண்ணெய்க்கும் இந்த வேலையில் இடமில்லை.

கேள்வி: சுவிட்சின் மேல், கீழ்க் கூடுகளுக்கு இடையில் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலங்கள் அவசியமா?

பதில்: எல்லோருக்கும் அவசியமில்லை. சுவிட்சின் மேல் கூட்டையும் கீழ்க் கூட்டையும் இரு விரல்களால் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் படலம் அந்த இடைவெளியை அடைத்து ஒலியை ஒன்றுதிரட்டும். இறுக்கமான கூட்டுக்குள் படலத்தைத் திணித்தால் மேல் கூடே சரியாகப் பொருந்தாது. அந்தக் காசுக்கு நல்ல தூரிகை ஒன்றை வாங்கலாம்.