லாயத்தில் அந்த ஒரு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. வேளச்சேரியில் இருக்கிறேன். சின்ன வயதில் பஸ்ஸில் தீவுத்திடல் பக்கம் போகும்போதெல்லாம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலையைப் பார்த்து, நானும் ஒருநாள் குதிரை ஏறவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இப்போதுதான் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர முடிந்தது. நான்கு வாரம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் முதல் ஒரு மணி நேரம் குதிரையைத் தேய்ப்பது, குளம்பைச் சுத்தம் செய்வது, லத்தி அள்ளுவது என்றே போகிறது. ஏறுவது இருபது நிமிடம், அதுவும் வெறும் நடை. பணம் கட்டியவன் லாய வேலை ஏன் செய்யவேண்டும்? வேறு இடம் பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம், அங்கேயே இருங்கள். நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறீர்கள்.

நான் கற்றுக்கொண்ட இடத்தில் குதிரை சேணம் பூட்டித் தயாராக நிற்கும். ஏறுவேன், இறங்குவேன், வீட்டுக்கு வந்துவிடுவேன். இரண்டாம் மாதம் ஒருநாள் போனில் பேசியபடியே அதன் வாலுக்குப் பின்னால் போய் நின்றேன். தொடையில் விழுந்தது ஒரு உதை. மூன்று வாரம் நொண்டினேன். குதிரைமேல் தப்பே இல்லை. அதற்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது, மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம் இடமும் தெரியாது. தேய்த்துப் பழகியவர் பின்பக்கம் போகும்போது ஒரு கையை அதன் முதுகிலேயே வைத்து, பேசிக்கொண்டே சுற்றி வருவார். அந்தப் பழக்கம் எனக்கு வரவே இல்லை, ஏனென்றால் நான் ஒருநாளும் தேய்க்கவில்லை.

தேய்க்கும்போது உங்கள் கை குதிரையைப் படிக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலில் மட்டும் சூடு, வயிற்று வார் உரசிய இடத்தில் ஒரு தடிப்பு, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். அதுவும் நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த கடற்கரை ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். குளிர்ந்த ஊர்களிலிருந்து வந்தவைக்குக் கூடுதல் ஆபத்து. மே மாதத்தில் ஓடி வந்த குதிரையின் கழுத்தும் விலாவும் காய்ந்துகிடக்க, மூச்சு மட்டும் இரைத்துக்கொண்டே இருந்தால், உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், அப்புறம் மருத்துவர். அதன் கழுத்து எப்போதும் எப்படி இருக்கும் என்று தெரிந்த கைக்குத்தான் அது வியர்க்காமல் காய்ந்திருப்பது புரியும்.

லத்தி அள்ளுவதுதான் உங்களுக்கு அதிகம் உறுத்துகிறது என்று தோன்றுகிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கல் வந்தால் வெளியேற்ற வழியில்லை. வயிற்றுவலியிலேயே செத்துப்போகும் குதிரைகள் உண்டு. நல்ல குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை லத்தி போடும். காலையில் லாயத்தில் அது குறைந்திருந்தால், இறுகியிருந்தால், அதுதான் முதல் தகவல். இனி அள்ளும்போது எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாயத் தரை காய்வதே இல்லை. ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடியில் கறுத்து அழுகி நாறும். குளம்பைக் குதிகாலிலிருந்து முன்பக்கமாகச் சுரண்டுங்கள். நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியைக் குத்திவிடாதீர்கள்.

சரி, அந்த இருபது நிமிடம். நடையிலேயே இருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. குதிரையின் முதுகு அசையும்போது உங்கள் இடுப்பும் கூடவே அசையப் பழகவேண்டும். அதுவரை நீங்கள் கடிவாள வாரைப் பிடித்துத்தான் விழாமல் சமாளிப்பீர்கள். அந்த வாரின் மறுமுனை அதன் வாய்க்குள் இருக்கும் இரும்பு. நீங்கள் தடுமாறும் ஒவ்வொரு தடவையும் அதற்கு வாய் வலிக்கும்.

மன்றோ சிலையை அடுத்த தடவை நன்றாகப் பாருங்கள். 1839-இல் நிறுத்தியது. சேணமும் இல்லை, கால் வைக்கும் வளையமான அங்கவடியும் இல்லை. உங்கள் பயிற்சியாளரும் ஒருநாள் அங்கவடியைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்வார், உட்காரும் பழக்கம் உடம்பில் ஏறட்டும் என்று. அப்போது சந்தோஷமாக உட்காருங்கள்.

லாயத்தில் நிற்பவர் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கவேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு எழுதிய நீங்கள் அந்தக் குதிரையின் பெயரை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.