வாய்ப்புண் தாங்க முடியவில்லை, ஒரு வாரம் கரண்ட்டை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. கன்னத்தில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து 30 முறை கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கச் சொன்னார்கள், 16 முடிந்திருக்கிறது. வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. 'ஒரு வாரம் விட்டுப் போகலாம்' என்கிறார். பேரக்குழந்தைகளையும் பக்கத்தில் விடுவதில்லை. என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கதிர்வீச்சு தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆனதும், சாகாமல் மிஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனாலே நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. அப்பா கேட்கும் ஒரு வாரம் வருவதும் அந்த நேரத்தில்தான்.

அதற்காக அவர் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. நாளைக்கே டாக்டரிடம், "எச்சில்கூட இறங்கவில்லை" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். சாப்பிடும் முன் தடவ மரத்துப்போகும் ஜெல் இருக்கிறது. அது போதாவிட்டால் மார்ஃபின் தருவார்கள். டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் அடிமையாகிவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம்; மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். வாயில் வெள்ளை படிந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், காட்டுங்கள்.

அரை லிட்டர் ஆறிய வெந்நீரில் உப்பு, சமையல் சோடா தலா அரை டீஸ்பூன் போட்டு, இரண்டு மூன்று மணிக்கொரு முறை கொப்பளிக்கட்டும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம். புகையிலை, வெற்றிலை பாக்கு, மது எதுவும் கூடாது.

சாப்பாட்டில் காரம், புளி, எலுமிச்சை, சூடு வேண்டாம். பாலில் ஊறவைத்துக் குழைத்த இட்லி, ஆறிய சத்துமாவுக் கஞ்சி, குழைந்த பருப்பு சாதம், மிருதுவாக வேகவைத்து மசித்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறேழு முறை கொடுங்கள். வாராவாரம் எடை பாருங்கள். உடம்பு இளைத்தால், கரண்ட் வைக்கும்போது தலை அசையாமலிருக்க அவர் முகத்துக்கு அச்செடுத்துச் செய்த மாஸ்க் தளர்ந்து, கதிர் குறி தவறலாம். மூக்கு வழியாக டியூப் வைக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். நிறையப் பேர் அதைக் கடைசிக் கட்டம் என்று நினைத்துக் கலங்குகிறார்கள். விழுங்க முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

கழுத்துத் தோல் கறுத்து உரிந்தால் மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். பிளேடு படக்கூடாது.

பேரப்பிள்ளைகள் தாராளமாக மடியில் உட்காரட்டும். வெளியிலிருந்து மெஷின் பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தண்ணீரே இறங்காவிட்டாலோ, வாயில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

சிகிச்சை முடிந்தும் ஒன்றிரண்டு வாரம் புண் இப்படியே இருக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு மாதத்துக்குள் ஆறிவிடும். வாய் உலர்வது மட்டும் நெடுநாள் நீடிக்கும், அதனால் பல் சீக்கிரம் சொத்தையாகும். எத்தனை வருடம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும், கரண்ட் வைத்ததைப் பல் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அது தெரியாமல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம்.